எட்டாவது குறை

புள்ளியியல் எங்கே தொடங்கியது என்று தேடிக்கொண்டு போனால் வழியில் ஒரு கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். பெயர் ஜான் கிராண்ட். லண்டனில் பொத்தானும் நாடாவும் துணியும் விற்றவர். பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர். அந்த ஊரில் வாரத்துக்கொரு முறை இறப்புப் பட்டியல் அச்சாகி விற்பனைக்கு வரும். சனங்கள் அதை வாங்கி, கொள்ளைநோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். விநோதமான சாவு ஏதாவது இருந்தால் நாலு பேரிடம் சொல்வார்கள். அத்தோடு சரி. கிராண்ட் பல பத்தாண்டுகளின் பட்டியல்களைத் திரட்டி, கடைக் கணக்குப் போடுகிற அதே கையால் கூட்டிக் கழித்து, 1662இல் ஒரு சிறிய புத்தகம் போட்டார். ஊரில் பல பத்து லட்சம் பேர் இருப்பதாகப் பேசிக்கொண்டிருந்தவர்களிடம், மொத்தம் 3,84,000 பேர்தான் என்று கணக்குக் காட்டினார். ஞானஸ்நானப் பதிவுகளைப் பார்த்து, 13 பெண் குழந்தைக்கு 14 ஆண் குழந்தை பிறக்கிறது என்றார். ராயல் சொசைட்டி அவரைச் சேர்த்துக்கொண்டது. இவரைப் போன்ற வியாபாரிகள் இன்னும் யாராவது அகப்பட்டால் யோசிக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அரசர் இரண்டாம் சார்லஸ் சொல்லியனுப்பியதாக அந்தச் சபையின் பழைய வரலாறு சொல்கிறது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் குவாலிட்டி பார்த்துவிட்டு, முப்பது வயதைத் தாண்டிய பிறகு டேட்டா அனாலிசிஸ் பக்கம் வந்தவன் நான். கிராண்ட் மேல் எனக்கு ஒரு பங்காளிப் பாசம் இருப்பதில் ஆச்சரியமில்லை.

இப்போது இந்தப் பாதையில் கூட்டம் அதிகம். சென்னை வேளச்சேரியிலும் கோவை காந்திபுரத்திலும் மாடிக்கு மாடி பயிற்சி மையம். ‘எந்த டிகிரியாக இருந்தாலும் சரி, நான்-ஐடி ஆட்களும் வரலாம்’ என்று பலகை. மெக்கானிக்கல் படித்துவிட்டு ஷிப்டில் வாடியவர்கள் வருகிறார்கள். தனியார் பள்ளி ஆசிரியர்கள் வருகிறார்கள், குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட பெண்கள் வருகிறார்கள். மருந்துக்கடையில் நின்றவர் ஒருவரையும் பார்த்தேன். எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: ‘எனக்கு கோடிங் வருமா?’

வரும். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எக்செல்லில் பைவட் டேபிள் போடத் தெரிந்தவருக்கு எஸ்க்யூஎல்லின் குரூப் பை புரியாமல் போகாது. ஜாயின் கொஞ்ச நாள் படுத்தும், அப்புறம் பழகிவிடும். போதாக்குறைக்கு, கேட்ட கேள்விக்கு நிரல் எழுதித் தருகிற இயந்திரங்களே இப்போது வந்துவிட்டன. கருவியைக் கண்டு பயந்து இந்தப் பக்கம் வராமல் இருக்க வேண்டியதில்லை.

வலிப்பது வேறு இடத்தில். எங்கள் கட்டிங் மாஸ்டர் துணியின் ஓரத்தை விரலுக்கிடையில் வைத்து ஒரு தேய் தேய்த்துவிட்டு, “நூத்தி அறுவதுங்க” என்பார். வட்டமாக வெட்டித் தராசில் வைத்தால் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கான கிராம் எடை, இரண்டு முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அவர் சொன்னதற்கு யாரும் ஆதாரம் கேட்டதில்லை. பல வருடம் ஒரு தொழிலில் நின்றவனுக்குக் கிடைக்கிற உண்மையான சம்பளம் அதுதான்: ‘என் அனுபவத்துல சொல்றேன்’ என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார். புதுத் தொழிலுக்கு வந்தபோது சம்பளம் குறைந்தது. அதைக் கடனை உடனை வாங்கிச் சமாளிக்கலாம். ‘எதுக்குப்பா இந்த வயசுல?’ என்று வீட்டில் கேட்பதற்கும் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிடலாம். ஆனால் கல்லூரி முடித்து மூன்று வருடம்கூட ஆகாத டீம் லீட் நான் சொன்னதை மரியாதையாகக் கேட்டுவிட்டு, “ஓகேங்க, அதுக்கு டேட்டா இருக்குதுங்களா?” என்றாரே, அது உள்ளே இறங்கியது. அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு இல்லாததுதான் அதிகம் உறுத்தியது.

பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் முதலில் கொடுக்கிற கோப்புகளில் ஒன்று டைட்டானிக் பயணிகள் பட்டியல். 891 வரிகள். யார் பிழைத்தார், யார் மூழ்கினார் என்று கணிக்கப் பழக வேண்டும். அதில் 177 பேருக்கு வயது இல்லை. ‘காலியாக இருந்தால் இடைநிலை வயதைப் போட்டு நிரப்பு’ என்பது பாடம். எல்லோரும் ஒரே வரியில் நிரப்பிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறார்கள். நிரப்புவதற்கு முன் அந்த 177 பேரையும் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மூன்றாம் வகுப்புப் பயணிகள். மேல் தளத்துச் சீமாட்டிகளின் வயதும் வம்சமும் செத்த பிறகும் தேடி எழுதப்பட்டன. கீழ்த் தளத்தில் வந்தவனுக்கு வயது சொல்ல ஆளில்லை. ஆக, அந்தக் காலிக் கட்டமும் ஒரு தகவல்தான். அதை இடைநிலை வயதால் நிரப்பும்போது ஒரு தகவலை அழித்துவிட்டு அதன் மேல் சுண்ணாம்பு அடிக்கிறோம்.

என்னோடு படித்தவர்களில் இதைச் சட்டென்று பிடித்தவர், அரசுப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வந்த ஓர் ஆசிரியை. காரணம் இருந்தது. நம் நாட்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போகிறவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள். கணக்கெடுப்பில் வயது வாரியாகப் படம் வரைந்தால் முப்பதில் ஒரு கோபுரம் எழும்பும், முப்பத்தைந்தில் இன்னொன்று, நாற்பதில் பெரிதாக ஒன்று. இடையில் முப்பத்தொன்றும் முப்பத்தொன்பதும் பள்ளத்தில் கிடக்கும். இதை அளப்பதற்கென்றே விப்பிள் குறியெண் என்று ஒன்று உண்டு. அந்த ஆசிரியைக்குக் குறியெண் தேவைப்படவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் வயது கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். “என்னத்தக் கண்டேன் டீச்சரு, ஒரு அம்பது இருக்கும், எழுதிக்கோ.” பக்கத்தில் நிற்கிற மகன், “அறுவதுன்னு போடுங்க டீச்சர், பென்ஷனுக்கு ஆகும்” என்பான். டீச்சர் இரண்டில் ஒன்றை எழுதியாக வேண்டும். அடுத்த வீடு காத்திருக்கிறது, வெயில் ஏறுகிறது. திரையில் கோபுரமாக எழும்பி நிற்பது அந்த வெயிலும் அந்த மகனும்.

கிராண்டின் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமும் இதுவே. லண்டனில் ஒருவர் செத்தால் பிணத்தைப் பார்த்துக் காரணம் சொல்வதற்குக் கிழவிகளை நியமித்திருந்தார்கள். பெரும்பாலும் ஏழைகள். ஒரு பிணத்துக்கு நான்கு பென்னி கூலி. கிராண்ட் பட்டியலைப் பார்க்கிறார். மேகநோயில் செத்தவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவில் இருக்கிறார்கள், காசநோயில் செத்தவர்களோ கூட்டம் கூட்டமாக. இவ்வளவு பெரிய ஊரில் மேகநோய் இத்தனை அபூர்வமா? அவர் உள்ளூர்க்காரர், நடப்பு தெரிந்தவர். கிழவிக்கு ஒரு கோப்பை பீரும், நான்கு பென்னிக்குப் பதில் எட்டும் கொடுத்தால் மேகநோய் காசநோயாகிவிடும் என்று எழுதிவைத்தார். மூக்கே அழுகிப்போய் மறைக்க வழியில்லாதவர்களும், ஊரார் வெறுத்தவர்களும் மட்டுமே மேகநோய்க் கணக்கில் சேர்ந்தார்களாம். கூட்டல் கழித்தலை அந்தக் காலத்தில் யாரும் செய்திருக்கலாம். எண்ணுக்குப் பின்னால் நான்கு பென்னிக்கு நிற்கிற ஒரு கிழவி இருக்கிறாள் என்பது, கல்லாவில் உட்கார்ந்து தினமும் மனிதர்களோடு பேரம் பேசியவருக்குத் தெரிந்திருந்தது.

இதையெல்லாம் ‘டொமைன் நாலெட்ஜ்’ என்று ஒரு பொட்டலமாகக் கட்டி, துறை மாறி வருகிறவர்களுக்கு ஆறுதலாகக் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். பழைய தொழிலின் அறிவு வீண்போகாது, அதுதான் உன் பலம் என்பார்கள். பாதி சரி. மீதிப் பாதிக்கு மகலனோபிஸைப் பார்க்க வேண்டும். பிரசாந்த சந்திர மகலனோபிஸ் இயற்பியல் படித்தவர். 1915இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஊர் திரும்பும்போது பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் இதழின் தொகுதிகளை வாங்கிக்கொண்டு கப்பலேறி, வழியெல்லாம் படித்துக்கொண்டே வந்தார். கல்கத்தாவில் இயற்பியல் பாடம் நடத்திக்கொண்டே புள்ளியியலுக்குள் இறங்கினார். 1926இல் ஒரிசாவில் பெருவெள்ளம். ஆற்றுப் படுகை மேடேறிவிட்டது, கரையை உயர்த்துங்கள் என்றார்கள் பொறியாளர்கள். ஆற்றோடு வாழ்ந்தவர்கள், அனுபவத்தில் சொல்கிறவர்கள். மகலனோபிஸ் பல்லாண்டு மழை, வெள்ளப் பதிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு, படுகை உயர்ந்ததற்கு அடையாளமே இல்லை என்று காட்டினார். அவர் அணை கட்டியவரில்லை, ஆற்றில் இறங்கி அளந்தவருமில்லை. அங்கே துறை அறிவு தோற்றது.

கிராண்ட் உள்ளே இருந்து பார்த்ததால் கண்டுபிடித்தார், மகலனோபிஸ் வெளியே இருந்து பார்த்ததால் கண்டுபிடித்தார் என்றால், துறை மாறி வருகிறவன் எங்கே நிற்பது? எனக்கு இது கொஞ்ச நாள் புரியவில்லை. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் இதற்கு ஒரு வழி காட்டுகிறார். வேதியியல் படித்துவிட்டு 1899இல் ஆலையில் சேர்ந்தவர். பார்லியையும் வடிப்பையும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் காசும் காலமும் ஆகும், அதனால் கையில் நாலைந்து அளவுகளுக்கு மேல் சேராது. அன்றைய புள்ளியியல் நூற்றுக்கணக்கில் கேட்டது. இருக்கிற நாலைந்தை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது கணக்குப் பண்டிதர்கள் யாருக்கும் எழாத கேள்வி, ஏனென்றால் அவர்கள் யாரும் பீர் வடிக்கவில்லை. லண்டன் போய்ப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சனிடம் இருந்து கற்றுக்கொண்டு வந்து, 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் விடையை வெளியிட்டார். 1937இல் சாகும்வரை பீர் வேலையை விடவில்லை. அவருடைய பழைய தொழில் அவருக்குத் தந்தது பதில்களை அல்ல, கேள்வியை. பதிலைத் தராசில் வைக்க அவர் சம்மதித்தார். வந்த தொழிலின் கேள்வியைக் கொண்டுவரலாம், பதிலை வாசலில் விட்டுவிட வேண்டும் என்று அப்போது தோன்றியது. டீம் லீடின் கேள்வி உறுத்துவதும் ஏறக்குறைய நின்றது.

ஆனால் அதுவும் முழுதாகப் போதவில்லை என்பது திருப்பூர்க் கோப்பு ஒன்று என் மேசைக்கு வந்தபோது தெரிந்தது.

ஏற்றுமதி உடைகளை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று சொன்னால்தான் இது விளங்கும். ஒரு லாட்டில் எல்லாப் பீஸையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஏக்யூஎல் என்று ஓர் அட்டவணை. போன நூற்றாண்டின் இருபதுகளில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் முளைத்த யோசனை. உலகப்போரில் ராணுவத் தளவாடம் வாங்குவதற்காக வளர்ந்து, பின்னால் எங்கள் டி-ஷர்ட் வரைக்கும் வந்துவிட்டது. லாட்டில் 1,201 முதல் 3,200 பீஸ் வரை இருந்தால், கலைத்து எடுத்த 125 பீஸைப் பார்க்க வேண்டும். 2.5 என்ற அளவுகோலில் பெரிய குறை ஏழு வரை இருந்தால் பாஸ். எட்டு வந்தால் லாட் நிற்கும். திருப்பூரில் ஏழும் எட்டும் சாதாரண எண்களில்லை. ஏழு என்றால் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பும். எட்டு என்றால் ராத்திரி முழுக்க லைட் எரியும்.

வந்த கோப்பில் அந்த உள் ஆய்வுகளின் பதிவு வரிசையாக இருந்தது. படம் வரைந்தேன். நான்கு, ஐந்து, ஆறு என்று கூடிக்கொண்டே வந்து, ஏழில் குவிந்து, எட்டில் வெட்டுப்பட்டதுபோல் நின்றுபோனது. நிஜமான குறைகள் அப்படி நடந்துகொள்ளாது. ஏழுக்குப் பிறகு எட்டு, ஒன்பது, பத்து என்று வால்போல மெல்லத் தேய்ந்துதான் போகும். துணிக்கு அட்டவணை தெரியாது, எழுதுகிற கைக்குத்தான் தெரியும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. சில லாட்டுகளில் குறை 0. இன்டர்லாக், ஸ்லீவ் அட்டாச்சிங், எம்ப்ராய்டரி எல்லாம் உள்ள ஸ்டைலில், 125 பீஸில் ஒரு நூல் பிசிறுகூட இல்லையாம். பதிவேட்டின் படங்களை வாங்கிப் பார்த்தால் அங்கே பூஜ்யம் இல்லை, ஒரு கோடு. நேரமில்லாமல் ஆய்வே செய்யாத லாட்டுக்குச் சின்னக் கோடு இழுப்பது செக்கிங்கில் பழக்கம். தட்டி ஏற்றுகிற பையன் கோட்டை எங்கே போடுவான்? 0 என்று போட்டான். கம்பெனியின் டேஷ்போர்டில், தொட்டே பார்க்காத லாட்டுகள் எல்லாம் முதல் தரத்தில் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தன.

கோடுகளைச் சரிசெய்வது சுலபம். பூஜ்யங்களைப் பிரித்து ‘பார்க்கவில்லை’ என்று சாம்பல் நிறத்தில் காட்டினேன். எட்டாவது குறையை என்ன செய்வது? கணக்கு முறையில் ஒட்டுப்போட வழி உண்டு. வளைவைச் சரிக்கட்டி, உண்மையில் எத்தனை லாட் தேறியிருக்காது என்று தோராயம் சொல்லலாம். டீம் லீட் அப்படித்தான் செய்யச் சொன்னார். நான் திருப்பூருக்கு பஸ் ஏறினேன்.

செக்கிங் டேபிளில் மூத்தவர் ஒரு அக்கா. எனக்கு அந்த வாடை தெரியும்: சூடான அயர்ன், புதுத் துணியின் மாவு, டீ. சுற்றி வளைக்காமல் கேட்டேன். எட்டு ஏன் வருவதே இல்லை?

“எட்டுன்னு எழுதறதுக்கு என்னங் தம்பி, கையா வலிக்குது? எழுதுனா லாட்டு பூரா மறுபடி பாக்கோணும். மணி பத்தாயிரும். கம்பெனி பஸ்ஸு எட்டரைக்கே போயிரும். அப்புறம் நான் பல்லடத்துக்கு எதுல போறது? நீங்களும் இங்க இருந்தவருதான, தெரியாத மாதிரி கேக்கறீங்க?”

தெரியாத மாதிரிதான் கேட்க வேண்டியிருந்தது. தெரிந்ததாக நினைத்தே போயிருந்தால், மேனேஜரின் அதட்டலுக்குப் பயந்து மறைக்கிறார்கள் என்று அறிக்கை எழுதியிருப்பேன். நான் இருந்த காலத்தில் காரணம் அதுதான். பஸ் என்று எனக்குத் தோன்றியிருக்காது. ஆனால் நான் அங்கே இருந்தவன் என்பதால்தான் அந்த அக்கா வாய் திறந்தார். வேறு ஆளாக இருந்தால், ‘நல்லாத்தானுங்க பாக்கறோம்’ என்று முடித்திருப்பார்.

டேட்டாவைச் சுத்தம் செய்வது என்று எங்கள் தொழிலில் சொல்கிறோமே, அது கணினியில் நடக்கிற வேலை என்றுதான் எனக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். காலிக் கட்டம், இரட்டை வரி, எழுத்துப் பிழை. இவை மேலோடு. ஓர் எண்ணை உள்ளபடி எழுதுகிறவருக்கு அதனால் என்ன செலவு என்பதுதான் அடி. லண்டன் கிழவிக்கு அது நான்கு பென்னி. திண்ணைப் பாட்டிக்குப் பென்ஷன். இங்கே கடைசி பஸ். எழுதுகிறவர் அந்தச் செலவைத் தன் பையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும்வரை எந்த பைத்தானும் அந்தக் கோப்பைச் சுத்தம் செய்யாது. இன்னொரு தொழிலிலிருந்து வருகிறவன் தன்னோடு கொண்டுவருவதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். அந்தச் செலவை ஒரு காலத்தில் தானே கொடுத்திருக்கிறான். ஒரு பதிவேட்டில், யாரோ ஒரு மேலாளர் பார்ப்பதற்காக, கை நடுங்காமல் ஏழு என்று எழுதியிருக்கிறான், அல்லது எழுதியவர் பக்கத்தில் நின்றிருக்கிறான். இப்போது எண்ணைப் படிக்கிற பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர்கள் இந்தத் தொழிலில் ரொம்பப் பேர் இல்லை.

அறிக்கையில் படம் இரண்டு பக்கம், பரிந்துரை ஒரே பத்தி. ரீசெக்கிங் நடக்கிற ராத்திரிகளில் பத்தரைக்கு ஒரு பஸ் விட வேண்டும், வந்தவர்களுக்கு அரை ஷிப்ட் சேர்த்துக் கொடுக்க வேண்டும், கோடு போட்ட லாட்டைக் கோடாகவே ஏற்ற வேண்டும். டீம் லீட் இரண்டு தடவை படித்துவிட்டு, “பஸ்ஸை டேஷ்போர்டுல எங்கங்க காட்டறது?” என்றார். கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். கம்பெனி முதலாளி பழைய ஆள். டெய்லராக இருந்து மேலே வந்தவர். பரிந்துரையைப் படித்தவர் ஒன்றும் சொல்லவில்லை, பஸ் விட்டார்.

அடுத்து வந்த கோப்பில் எட்டு இருந்தது. ஒன்பதும் பதினொன்றும்கூட இருந்தன. வால் ஒழுங்காகத் தேய்ந்து இறங்கியது. பச்சையாக இருந்த டேஷ்போர்டில் சிவப்பும் சாம்பலும் ஏறின. தையல் லைனில் எதுவும் மாறவில்லை, அதே மெஷின், அதே ஆட்கள். மாதக் கூட்டத்தில் வெளிநாட்டு பையரின் பிரதிநிதி திரையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “குவாலிட்டி ஏன் இவ்வளவு இறங்கிருச்சு?” எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே விரலை வைத்துக்கொண்டு, பஸ்ஸிலிருந்து ஆரம்பித்தேன்.